காட்டிலே கதை கண்ட கத்ரி

கதை கேட்கும் ஆவல் மக்களோடு உடன்பிறந்தது. அதிலும் பாழடைந்த கோட்டை, நள்ளிரவில் ஒலிக்கும் சலங்கை, சுவருக்குள் மறையும் பெண், புதையலைக் காக்கும் பூதம் ஆகியவற்றோடு ஒரு காதலும் கலந்து வந்துவிட்டால், அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வராது. நம் பாட்டிமார் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தோர் துப்பறியும் நாவல்களைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள். இவற்றைப் படிப்பது வீண் பொழுதுபோக்கு என்று கண்டிக்கும் பெரியவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். கண்டித்துவிட்டுத் தாமும் எடுத்துப் படிக்கும் பெரியவர்களும் இருந்தார்கள்!

இத்தகைய கதைகளை எழுதியே ஒரு மொழிக்குப் பெருங்கூட்டமாக வாசகரைச் சேர்த்துத் தந்த ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகிறோம். அவர் தமிழர் அல்லர். ஆயினும், நாம் குடியிருந்து பிழைக்கும் இந்தப் பகுதியின் மலையையும் காட்டையும் கோட்டையையும் நாவலில் ஏற்றி அழியாப் புகழ் பெற்றவர். அவர் பெயர் பாபு தேவகிநந்தன் கத்ரி. அவருடைய சந்திரகாந்தா என்னும் நாவலின் பெயரை அறியாதவர் வடநாட்டில் அரியர்.

பிறப்பும் வளர்ப்பும்

கத்ரியின் முன்னோர் பஞ்சாப் தேசத்தவர். செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பத்தினர். மகாராஜா ரஞ்சித் சிங் 1839-ல் மறைந்தபின் லாகூர் அரசில் குழப்பம் மிகுந்தது. அந்நாளில் லாலா ஈசுவரதாஸ் என்பவர் ஊரைவிட்டுப் புறப்பட்டுக் காசிக்கு வந்து குடியேறினார். அவருடைய மைந்தரே நம் கத்ரி. ஆக, இவரும் ஒரு வகையில் நம்மைப்போல் வந்தேறிய குடும்பத்துப் பிள்ளைதான்.

அவர் 1861-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பீகாரில் தாய்வழிப் பாட்டனார் வாழ்ந்த பூசா என்னும் ஊரில் பிறந்தார். அது அந்நாளில் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ளது. தில்லி சென்று வந்த நம் அன்பர்களுக்குப் பூசா என்ற பெயர் புதிதன்று. வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் முதலில் அமைந்திருந்தது இந்தப் பூசாவில்தான். 1934-ஆம் ஆண்டு பூகம்பத்தில் கட்டடம் சேதமுற்றபின் நிலையம் தில்லிக்குப் பெயர்ந்தபோது, ஊரின் பெயரும் அதனுடன் தில்லிக்குப் போயிற்று.

இளமையில் கத்ரி கற்றது உருதுவும் பார்ஸியும். அக்காலத்தில் உத்தியோகம் நாடுவோர் அவற்றையே கற்றனர். நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் பார்ஸி எழுத்தே வழங்கியது. பின்னர் காசிக்கு வந்து இந்தியும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் பயின்றார். உருதுக் கதைகளில் தோய்ந்த உள்ளமும் இந்தி எழுதப் பழகிய கையும் ஒருவரிடமே கூடிய இந்தச் சேர்க்கை பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

கயையிலிருந்து காசிக்கு

வாலிபப் பருவத்தில் அவர் கயை மாவட்டத்திலுள்ள டிகாரி சமஸ்தானத்தை அடுத்துத் தொழில் நடத்தினார். அரண்மனையின் ஆதரவால் வருமானம் நன்றாகவே இருந்தது. ஆனால் சமஸ்தானத்தின் நிர்வாகம் சர்க்காரின் கைக்கு மாறவே, அந்த ஆதரவு நின்றது. அரசரை நம்பிய தொழில் அரசரோடு போகும் என்பதை இளமையிலேயே கண்டுகொண்ட கத்ரி, மூட்டையைக் கட்டிக்கொண்டு காசிக்குத் திரும்பினார்.

அந்நாளில் காசி அரசராக விளங்கியவர் மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண சிங். கலைஞரையும் புலவரையும் போற்றியவர் அவர். அவருடைய ஆதரவில் கத்ரிக்குச் சக்கியா, நவகட் என்னும் பகுதிகளிலுள்ள காடுகள் குத்தகையாகக் கிடைத்தன. மரம் முதலிய காட்டுப் பொருள்களை எடுத்து விற்கும் தொழில் அது. குத்தகைதாரர் வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்த்தால் போதாது; காட்டிலே அலைய வேண்டும், ஆட்களோடு தங்க வேண்டும். கத்ரி அலைந்தார், விருப்பத்தோடேயே அலைந்தார்.

காடு தந்த செல்வம்

இந்தக் காடுகள் எங்கோ கண்காணாத தேசத்தில் இல்லை. மொகல்சராய் என்று நெடுங்காலம் வழங்கி, 2018-ல் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு எனப் பெயர் மாறிய நம் ரெயில் நிலையத்துக்குத் தெற்கே, விந்திய மலையின் ஓரத்தில், சந்தௌலி மாவட்டத்தில் இருக்கின்றன. நம் காலனிக் குடும்பங்கள் மழைக்காலத்தில் வண்டி பேசிக்கொண்டு ராஜதரி, தேவதரி அருவிகளைக் காணச் செல்கின்றன அல்லவா? அந்த அருவிகள் வீழும் சந்திரபிரபை ஆற்றங்கரையே கத்ரியின் குத்தகைக் காட்டைச் சேர்ந்த பகுதி. 1957-ல் அது வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது.

மரத்தை எண்ணப் போன கத்ரி மரத்தை மட்டும் பார்க்கவில்லை. சிதைந்த மதில்களைக் கண்டார். தூர்ந்த கிணறுகளையும், எங்கே போகிறதென்று தெரியாத சுரங்கப் படிக்கட்டுகளையும், மனிதர் நடமாட்டம் நின்றுபோன மண்டபங்களையும் கண்டார். அவற்றைப் பற்றி ஊரார் சொல்லும் கதைகளுக்கும் அந்தப் பகுதியில் குறைவில்லை. அங்கே ஓடும் கர்மநாசை ஆற்றின் நீர் மேலே பட்டால் செய்த புண்ணியமெல்லாம் கரைந்துவிடும் என்பர். வானுக்கும் மண்ணுக்கும் இடையே தலைகீழாகத் தொங்கிய திரிசங்குவின் வாய்நீரே அந்த ஆறாயிற்று என்பது கதை. மேற்கே கங்கைக் கரையிலுள்ள சுனார்க் கோட்டையை விக்கிரமாதித்தர் கட்டினார் என்றும், அவருடைய தமையனார் பர்த்ருஹரி துறவியாகி அங்கே சமாதி அடைந்தார் என்றும் மக்கள் நம்புகின்றனர். பட்டினத்தாரின் சீடராக நாம் போற்றும் பத்திரகிரியாரையும் இந்தப் பர்த்ருஹரியையும் ஒருவராகச் சொல்லும் வழக்கு நம்மிடையே உண்டு. காஞ்சியில் கேட்ட கதையின் மறுநுனி சுனாரில் கிடக்கிறது போலும்!

சில காலத்துக்குப் பின் குத்தகை கத்ரியின் கையை விட்டுப் போயிற்று. இரண்டாம் முறையாகப் பிழைப்பு சரிந்தது. வேறொருவராயின் இன்னோர் அரசரை நாடிப் போயிருப்பார். கத்ரியோ, காட்டிலிருந்து கடைசியாகக் கொண்டுவந்த சரக்கைக் கடையில் விரிக்கத் துணிந்தார். அந்தச் சரக்கு மரமன்று, கதை.

சந்திரகாந்தா

1888-ஆம் ஆண்டில் சந்திரகாந்தா வெளிவரத் தொடங்கியபோது கத்ரிக்கு வயது 27. தமிழில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் அச்சேறியிருந்தது. இந்தியில் லாலா ஸ்ரீநிவாசதாசரின் பரீட்சா குரு 1882-ல் வந்திருந்தது. இரண்டுமே அறிவுரை நிரம்பிய நூல்கள். நாவல் என்னும் புதிய செடி வடக்கிலும் தெற்கிலும் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது.

கதை இதுதான். நவகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் காதலர்கள். விஜயகட் மந்திரியின் மகன் குரூர சிங் இளவரசியையும் அரசையும் ஒருங்கே கவர நினைக்கிறான். எண்ணம் பலியாது போகவே, சுனார் அரசன் சிவதத்தனிடம் ஓடி, இளவரசியின் அழகை வருணித்து, அவனைப் படையெடுக்கத் தூண்டுகிறான். போர் மூள்கிறது. ஆனால் கதையை நடத்துவது படைகள் அல்ல, அய்யார்கள்.

அய்யார் என்னும் சொல் நமக்குப் புதிது, பொருள் புதிதன்று. மாறுவேடம் பூணுவதிலும், ஒற்றறிவதிலும், மதில் ஏறுவதிலும், மருந்து தூவி மயக்குவதிலும் வல்ல அரசியல் ஊழியரே அய்யார். இடுப்பில் ஒரு பை தொங்கும். அதில் முகம் மாற்றும் வண்ணங்கள், மயக்கப் பொடி, மயக்கம் தெளிவிக்கும் முகர்மருந்து ஆகியவை இருக்கும். மதில் ஏறக் கொக்கியிட்ட கயிறு ஒன்றும் உடன் இருக்கும். அவர்களுக்குள் ஓர் அறமும் உண்டு: ஓர் அய்யார் இன்னோர் அய்யாரைக் கொல்லுதல் ஆகாது. பிடித்துக் கட்டலாம், சிறையிடலாம், தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், உயிரைப் போக்கலாகாது. ஆகவே வாளால் முடியும் இடங்களிலும் அறிவாலேயே காரியம் நடக்கிறது. நம் கல்கியின் பொன்னியின் செல்வனில் வரும் ஆழ்வார்க்கடியான் நம்பியை நினைவு கூர்ந்தால், அய்யார் எப்படிப்பட்டவர் என்பது விளங்கும்.

வீரேந்திரனின் உயிர்த்தோழன் தேஜ் சிங் அய்யார்களில் தலைசிறந்தவன். அவனுக்குச் சிறிதும் இளைக்காதவள் இளவரசியின் தோழி சபலை. அவளும் இக்கலையில் தேர்ந்தவள். தோழனுக்கும் தோழிக்கும் தனியே ஒரு காதல். 1888-ல் எழுதிய நாவலில் ஒரு பெண் ஆண்வேடம் பூண்டு காடு கடந்து பகைவரைக் கட்டிப்போடுகிறாள் என்றால், அந்நாளில் திரைக்குப் பின் அமர்ந்து அதைக் கேட்ட பெண்களின் உள்ளம் எவ்வளவு துள்ளியிருக்கும்!

நடுக்காட்டிலே ஒரு பாழ் மாளிகை. அங்கே கல்லாற் செய்த கொக்கு ஒன்று நிற்கிறது. நெருங்கினால் வாயைப் பிளந்து ஆளை விழுங்கிவிடுகிறது! சபலை அதனுள் போகிறாள். இளவரசியும் அந்த மாளிகையில் சிக்குகிறாள். இவ்வாறு உள்ளே போனவரை மீட்க வேண்டுமானால், மாளிகையின் மறையைச் சொல்லும் ஏட்டைக் கண்டெடுத்து, அதிற் கூறியபடி ஒவ்வொரு வாயிலாகத் திறந்து செல்ல வேண்டும். அதைச் செய்ய விதிக்கப்பட்டவன் வீரேந்திரன்.

மாயமும் பொறியும்

இத்தகைய மாளிகைக்குத் திலிஸ்ம் என்று பெயர். மாயக்கட்டு என்று நாம் சொல்லலாம். உருது மொழியில் அமீர் ஹம்சாவின் வீரக் கதைகள் நெடுங்காலமாக வாய்மொழியாக வழங்கின. அவற்றுள் திலிஸ்மே ஹோஷ்ருபா என்னும் பகுதியை இலக்குமணபுரியில், அதாவது லக்னோவில், நவல் கிஷோர் அச்சகத்தார் 1883 முதல் பெரும் பெரும் தொகுதிகளாக வெளியிட்டனர். அய்யாரும் திலிஸ்மும் அந்தக் கதைகளிலிருந்தே கத்ரிக்குக் கிடைத்தன.

கிடைத்ததை அவர் அப்படியே எடுத்தாளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். உருதுக் கதைகளில் மந்திரவாதிகள் மந்திரத்தால் மாயக்கட்டை உண்டாக்குவர். கத்ரியின் கதைகளிலோ மந்திரம் கிடையாது! பேய் என்று அஞ்சியது மாறுவேடமாக முடிகிறது. தெய்வச் செயல் என்று வணங்கியது விசையும் கம்பியும் மருந்துப் பொடியுமாக முடிகிறது. முற்காலத்து அரசர்கள் தம் செல்வத்தைப் பின்னால் வரப்போகும் தகுதியுள்ள ஒருவனுக்காகப் பாதுகாக்க எண்ணி, சோதிடரையும் வைத்தியரையும் கம்மியரையும் கூட்டிவைத்து அமைத்த பொறிமாளிகையே திலிஸ்ம் என்று அவர் விளக்கம் தருகிறார். வாசகரை நூறு பக்கம் அச்சுறுத்திவிட்டு, பிறகு கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பூதத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சக்கரத்தைக் காட்டிவிடுகிறார். பேய்க்கதை படித்தால் மூடநம்பிக்கை வளரும் என்பாருக்கு இவ்வொன்றே தக்க விடையாகும்.

தமிழறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. சீவக சிந்தாமணியில் விசயை வானில் ஏறிச் சென்றது மயிற்பொறியில். சிலப்பதிகாரத்து மதுரை மதிலில் பகைவரைத் தாக்கும் பொறிகள் பலவகை. கொங்குவேளிரின் பெருங்கதையிலோ, உதயணனைச் சிறைபிடிப்பதே ஓர் எந்திர யானை. அவனை மீட்க அமைச்சன் யூகி தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பி, மாறுவேடத்தில் உஞ்சை நகரில் திரிகிறான். யூகியை அய்யார்களுக்கெல்லாம் தலைவன் என்று சொன்னால் தகும். அந்த உதயணன் ஆண்ட கோசாம்பியும் இந்தப் பகுதியில்தான், பிரயாகைக்கு அருகில், யமுனைக் கரையில் இருந்தது. கங்கைக் கரைக் கதை தெற்கே வந்து தமிழ்க் காப்பியம் ஆயிற்று. அக்கதையின் உறவினரை நாம் மீண்டும் கங்கைக் கரையிலேயே சந்திக்கிறோம்.

எழுத்தறிவித்த கதை

சந்திரகாந்தாவுக்குக் கிடைத்த வரவேற்பு கத்ரியே எதிர்பாராதது என்று சொல்ல வேண்டும். அக்காலத்து நிலையை எண்ணிப் பார்த்தால்தான் அதன் அருமை புலப்படும். நீதிமன்றத்தில் நாகரி எழுத்துக்கு இடமில்லை. 1900-ஆம் ஆண்டில்தான் வடமேற்கு மாகாணச் சர்க்கார் அதற்கு இடமளித்தது. உத்தியோகத்துக்கு உதவாத எழுத்தை யார் வலிந்து கற்பார்? பாரதேந்து ஹரிச்சந்திரர் காசியில் அரும்பாடுபட்டு 1885-ல் மறைந்தார். நாகரிப் பிரசாரிணி சபை 1893-ல் காசியில் தோன்றியது. அறிஞர்கள் மொழிக்காகக் கூட்டம் போட்டார்கள், விண்ணப்பம் எழுதினார்கள்.

கத்ரி கதை எழுதினார். உருது மட்டுமே படிக்கத் தெரிந்த பலர், சந்திரகாந்தாவைப் படிக்க வேண்டும் என்னும் ஒரே ஆவலால் நாகரி எழுத்தைக் கற்றனர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை, பரீட்சை வைக்கவில்லை, பரிசு கொடுக்கவில்லை. கொக்கின் வாய்க்குள் போன பெண் என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவே.

அவர் கையாண்ட நடையும் இதற்குத் துணை செய்தது. கடுஞ்சமஸ்கிருதமும் இல்லை, கடும்பார்ஸியும் இல்லை. சந்தையிலும் படித்துறையிலும் வழங்கிய எளிய நடை. உருது படித்தவர் உள்ளே வரும்போது தலை இடிக்காதபடி வாசலை உயர்த்திக் கட்டினார் என்று சொல்லலாம்.

சந்ததியும் அச்சகமும்

முதல் நாவலின் வெற்றிக்குப் பின் வாசகர் அவரை விடவில்லை. 1894 முதல் சந்திரகாந்தா சந்ததி என்னும் தொடர்கதையை எழுதத் தொடங்கினார். சுமார் பத்தாண்டுகள் தொடர்ந்து, 24 பாகங்களாக அது நிறைவெய்தியது. வீரேந்திரனின் மைந்தர்களான இந்திரஜித் சிங்கும் ஆனந்த சிங்கும் இதன் நாயகர்கள். கிஷோரி, கமலினி, லாடிலி எனப் பெண்களும் பலர். தன் அரண்மனைக்கு அடியிலேயே பாதாள மாளிகையும், தன் நெஞ்சுக்கு அடியில் பழைய குற்றமும் வைத்திருக்கும் மாயாராணி என்பவளைப் போன்ற பாத்திரம் அதற்கு முன் இந்தியில் இல்லை. ஏறிப் பார்த்தவர் எல்லாம் தாங்கமாட்டாமல் சிரித்து உட்புறம் குதித்துவிடும் மதில் ஒன்றும், தொட்டவரை மின்னலைப் போல் தாக்கி மயங்கச் செய்யும் கட்டாரி ஒன்றும் இதில் வருகின்றன.

இக்கதைகள் நிகழும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பார்த்தால், ரெயில்வே ஊழியர்க்கு ஒரு வேடிக்கை தோன்றும். நம் நிலையத்திலிருந்து மிர்சாப்பூர் நோக்கிச் சென்றால் சுனார். அங்கிருந்து சோபன் செல்லும் பாதையில் ராபர்ட்ஸ்கஞ்சில் இறங்கினால், விஜயகட் கோட்டைக்கு வழி. பக்சர் மார்க்கமாகப் பாட்னா செல்லும் வண்டியில் ஏறினால், மாயாராணியின் ஜமானியா. கயை வழியில் சென்று சோணையாற்றங்கரையில் டெஹ்ரியில் இறங்கினால், மலைமேல் ரோத்தாஸ் கோட்டை. நாம் அன்றாடம் டிக்கெட்டும் பார்சலும் எழுதும் ஊர்ப்பெயர்கள் யாவும் அவருடைய பாதாள மாளிகைகளின் வாயில்கள்! எம் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒருநாள் இரவு வேலையில் இதை எடுத்துச் சொன்னபோதுதான், இந்நூல்களின்பால் எமக்கு நாட்டம் உண்டாயிற்று. பார்சல் சீட்டு எழுதப் பழகிய இந்தியைக் கொண்டே முதற் பாகத்தைப் படித்து முடித்தோம். கையில் அகராதி எடுக்கும் தேவை அதிகம் நேரவில்லை. அவருடைய நடையின் எளிமைக்கு இதுவே எம்மால் தரக்கூடிய சான்று.

1898-ல் கத்ரி காசியில் லஹரி அச்சகம் என்ற பெயரில் சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அரசர் தயவில் இருமுறை பிழைப்பு நடத்தி இருமுறையும் இழந்தவர், இம்முறை வாசகர் தயவை நம்பினார். அது அவரைக் கைவிடவில்லை. 1900-ல் மாதவபிரசாத மிசிரரைத் துணையாகக் கொண்டு சுதர்சன் என்னும் மாத இதழையும் தொடங்கினார். ஆயினும் அது நீடிக்கவில்லை. குசும் குமாரி, நரேந்திர மோகினி, காஜர் கீ கோட்ரி முதலிய வேறு நாவல்களும் அவர் எழுதியவை.

அதே 1898-ல்தான் எட்டயபுரத்திலிருந்து ஓர் இளைஞர் தந்தையை இழந்து, அத்தையின் ஆதரவை நாடிக் காசிக்கு வந்து, அனுமான் கட்டத்தில் தங்கிக் கல்வி பயின்றார். அவர்தாம் நம் சுப்பிரமணிய பாரதியார். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு வாய்த்த அதே காசித் தெருக்களில், அந்த ஆண்டுகளில், சந்ததியின் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறி வெளிவந்துகொண்டிருந்தன.

குறை கூறியோர்

இவ்வளவு புகழ் பெற்றவரை அறிஞர் உலகம் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. ஆசாரிய ராமசந்திர சுக்லர் 1929-ல் வெளியிட்ட இந்தி இலக்கிய வரலாறு இன்றும் மதிக்கப்படும் நூல். அதில் அவர் கத்ரியின் நாவல்களைச் சுவையும் பாத்திரப் படைப்பும் நிறைந்த இலக்கியமாகக் கொள்ளவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கி வியப்பூட்டும் கதைகள் என்றே மதிப்பிட்டார். ஆனால் அதே சுக்லர், இந்திக்கு அவ்வளவு வாசகரை உண்டாக்கியவர் வேறொருவர் இல்லை என்பதையும், அவருக்காகவே பலர் இந்தி கற்றனர் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார். குறையையும் நிறையையும் ஒருங்கே எழுதிய நேர்மை போற்றத்தக்கது.

சுக்லர் கூறிய குறையில் உண்மை உண்டு. கத்ரியின் நல்லவர்கள் மிக நல்லவர்கள். தீயவர்கள் பெயரிலேயே குரூரம் உடையவர்கள். ஏழைக் குடியானவனின் துயரம் அந்த மாளிகைகளுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அவற்றை எழுதப் பின்னால் பிரேம்சந்த் வந்தார். ஆனால் பிரேம்சந்த் எழுதியதைப் படிக்க நாவல் படித்துப் பழகிய ஒரு மக்கட் கூட்டம் முன்னரே ஆயத்தமாக இருந்தது. அந்தப் பழக்கத்தை ஊட்டியவருள் முதன்மையானவர் கத்ரி. கழனியில் முதலில் காடு திருத்தினவனுக்கும் அறுவடையில் ஒரு பங்கு உண்டன்றோ?

பூதநாதனும் முடிவும்

சந்ததியில் பூதநாதன் என்று ஓர் அய்யார் வருகிறான். வல்லவன், ஆனால் இறந்தகாலத்தில் செய்த பிழை ஒன்று அவனை நிழல்போல் துரத்துகிறது. நல்லவனா தீயவனா என்று எளிதில் சொல்ல முடியாதவன். பாத்திரப் படைப்பு இல்லை என்ற குறைக்கு விடையாக நிற்கக்கூடிய ஒருவன் உண்டென்றால் அவன் இவனே. இவனுடைய வரலாற்றைத் தனி நாவலாக எழுதக் கத்ரி தொடங்கினார். ஆறு பாகங்கள் முடிந்தன. அதற்குமேல் எழுத ஆயுள் இடம் தரவில்லை. 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், தம் 52-ஆம் வயதில் காலமானார்.

கதை நடுவில் நின்றது. பூதநாதன் என்ன ஆனான் என்று காத்திருந்த வாசகர்களின் ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவருடைய மைந்தர் துர்காபிரசாத கத்ரிக்கு வயது 18. பின்னர் அவர் தந்தை விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கி, 21 பாகங்களாகப் பூதநாதனை நிறைவு செய்தார். ரோத்தாஸ் மடம் என்னும் நாவலையும் அதன் தொடர்ச்சியாகத் தந்தார். தந்தை வைத்துவிட்டுப் போன வீட்டையும் நிலத்தையும் காப்பாற்றும் மக்கள் பலர். தந்தை முடிக்காமல் விட்ட வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும் மக்கள் சிலரே.

1994-ல் நீரஜா குலேரி அவர்கள் சந்திரகாந்தாவைத் தூர்தர்ஷனில் தொடராக எடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருக்கள் வெறிச்சோடின என்பதை நம் காலனியில் மூத்தோர் இன்றும் சொல்வர். மொழி சரியாகப் புரியாத நம் வீட்டுப் பெண்மக்களும் குரூர சிங்கின் புருவத்தைக் கண்டு சிரித்தனர். அந்தத் தொடரில் மூலக்கதையினின்று மாற்றங்கள் பல. மந்திரமும் மாயமும் மிகுதி. கொக்கின் வயிற்றில் சக்கரத்தை வைத்தவரின் கருத்தை அறிய நூலைத்தான் நாட வேண்டும்.

நமக்கு ஒரு சொல்

இவருடைய வாழ்க்கையைத் தமிழ்ச் சங்கத்து மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் காலனிக் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பேசும் தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளியில் கற்பது இந்தியும் ஆங்கிலமும். பத்து வயதுப் பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால், எழுத்து ஒவ்வொன்றையும் முன்பின் அறியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால், பாட்டி எழுதி வைத்த கடிதத்தைப் பெற்றோர் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு தலைமுறை சென்றால், நம் சங்க நூல்நிலைய அலமாரியைத் திறப்பதற்குக்கூட ஆள் இராது. உத்தியோகத்துக்கு உதவாத எழுத்தை யார் வலிந்து கற்பார் என்று மேலே கேட்டோம். அந்தக் கேள்வி இன்று நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது.

குறளும் ஆத்திசூடியும் கற்பிக்க வேண்டியதே. அதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. எனினும் கத்ரியின் வாழ்க்கை காட்டும் வழியையும் ஒருமுறை நடந்து பார்க்கலாம். சனிக்கிழமை மாலைதோறும் சங்கக் கட்டடத்தில் குழந்தைகளை அமர்த்தி, ஒருவர் தமிழ்க் கதை ஒன்றைப் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு செய்தல் வேண்டும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் முருங்கை மரம் ஏறும் இடத்தைப் படிக்கலாம். பொன்னியின் செல்வனில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தைப் படிக்கலாம். வந்தியத்தேவன் மதிற்சுவரின் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும் தறுவாயில், படிப்பவர் புத்தகத்தை மூடிவிட்டு, எஞ்சியது அடுத்த வாரம் என்று எழுந்துவிட வேண்டும். புத்தகத்தை மட்டும் மேசைமேல் விட்டுச் செல்ல வேண்டும்.

அடுத்த வாரம் வரை பொறுக்கமாட்டாத பிள்ளை ஒன்றேனும் இருக்கும். அது அந்தப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டத் தொடங்கும். தெரியாத எழுத்துக்குத் தாயை அழைக்கும். சங்க அன்பர்கள் இந்த யோசனையை வரும் பொதுக்கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படித்துக் காட்டும் பணிக்கு, இரவு வேலை இல்லாத சனிக்கிழமைகளில், நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.